பழைய புல்லட்டில் கிராங் எண்ணெய்க் கசிவு: கேள்வி பதில்

திருவொற்றியூரில் உருவான இரும்பு என்ஜின் 350 புல்லட்டுகள் வட சென்னையில் இன்னும் நிறைய ஓடுகின்றன. "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. கசிவுக்குக் காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும்.

தண்டையார்பேட்டை: அண்ணே, 1986 வண்டி. இடது பக்கம் பிரைமரி கேஸ் அடியில் தினமும் எண்ணெய் தேங்குகிறது. கிராங் சீல் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும் என்கிறார்கள். இறக்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பிரைமரி கேஸ் என்பது என்ஜின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் செயின் இருக்கும் பெட்டி. கிராங் சீல் என்பது கிராங் ஷாஃப்ட் அந்தப் பெட்டிக்குள் வரும் இடத்தில் என்ஜின் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம். பிரைமரி கேஸில் இருக்கும் எண்ணெய் வேறு, என்ஜின் எண்ணெய் வேறு. முதலில் எது ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். லெவல் பிளக்கைத் திறந்து பிரைமரி எண்ணெயைச் சரியான அளவில் வைத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கிராங் சீல்மேல் பழி போடாதீர்கள், கவர் ரப்பரைப் பாருங்கள். அந்தக் கவரைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட். ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் கவர் வளைந்து, கசிவு அதிகமாகும். அளவு கூடியிருந்தால்தான் என்ஜின் எண்ணெய் கிராங் வழியாக வந்து சேர்கிறது என்று அர்த்தம்.

காசிமேடு: எனக்கு அளவு கூடுகிறது. அப்போ சீல்தானே?

சீலுக்கு முன்னால் பிரீத்தரைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர், 346 சிசி. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காற்று, கிராங் சுழலும் அறையான கிராங் கேஸுக்குள் அழுத்தப்படுகிறது. அது வெளியேற பிரீத்தர் குழாயும், திரும்ப உள்ளே வராமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வும் இருக்கின்றன. ரப்பர் விறைத்துப்போனாலோ குழாய் மடங்கி அடைத்தாலோ அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் உதட்டை, அதாவது ஷாஃப்ட்டை உரசும் உள் விளிம்பைத் தாண்டி வரும். நேற்று போட்ட சீலாக இருந்தாலும் தாண்டும். வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. சின்ன ரப்பர் துண்டுதான். அதை மாற்றாமல் சீலுக்கு மேல் சீல் மாற்றிக் காசைக் கரைப்பவர்களைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை. வால்வு நன்றாக இருந்தும் அழுத்தம் இருக்கிறது, சைலன்சரில் நீலப் புகையும் வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ராயபுரம்: நான் கப்பலில் வேலை செய்கிறேன். மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்தால் முதல் நாள் மட்டும் கொட்டுகிறது.

நிற்கும்போது என்ஜினின் எண்ணெய் டேங்க் பகுதியில் இருக்கும் எண்ணெய் பம்ப் இடுக்கு வழியாக மெல்ல கிராங் கேஸுக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது பிரீத்தர், சீல் எது கிடைத்தாலும் அதன் வழியே வெளியே வரும். கிக் அடிக்கும் முன் கிராங் கேஸ் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள், வடித்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் குறைவாகக் காட்டுகிறதே என்று வடிக்காமல் ஊற்றிவிடாதீர்கள். பல கசிவுகளுக்கு அதுதான் ஆரம்பம்.

பெரம்பூர்: பிரீத்தர் புதுசு, ரிங் புதுசு, இன்னும் வருகிறது. சீலை நானே மாற்றலாமா அண்ணா?

மாற்றலாம். என்ஜினை இறக்கத் தேவையில்லை. கவர், ஆல்டர்னேட்டர், அப்புறம் பிரைமரி செயினோடு என்ஜின் ஸ்பிராக்கெட்டும் கிளட்சும் சேர்ந்து வெளியே வரும். பழைய சீலை எடுக்கும் முன் ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அப்போது புது சீல் போட்டும் பலன் இல்லை, கிராங் கேஸைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், உதடு வேறு இடத்தில் உட்காரும்படி சீலைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தலாம், இல்லையென்றால் அந்தப் பாகத்தையே மாற்றுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் என்ஜினை நோக்கி இருக்கட்டும். உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட்டின் பல்லிலும் சாவிப் பள்ளத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி நுழையுங்கள். அந்த விளிம்புகள் பிளேடு மாதிரி உதட்டைக் கிழித்துவிடும். சீல் கோணலாக இறங்காமல், அதன் அகலத்துக்கு ஏற்ற சாக்கெட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை: மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கியது. எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறது.

கிக் அடிக்கவே வேண்டாம். தண்ணீர் கலந்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும். எல்லா டிரெயின் பிளக்கையும் திறந்து வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட். கொஞ்சம் ஓடியதும் அதையும் வடித்துவிடுங்கள்.

எண்ணூர்: அப்பாவின் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது. பின்பக்க கிராங் சீல் எங்கே கிடைக்கும்?

அந்த என்ஜினில் நீங்கள் தேடும் ரப்பர் சீலே கிடையாது சார். கிராங்கின் பின்முனையில் திருகு மாதிரி வெட்டிய பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். அதனால் நிறுத்தியபின் ஓரிரு சொட்டு விழுந்தால் பயப்பட வேண்டாம். ஓடும்போதே ஒழுகினால் அங்கேயும் முதலில் பிரீத்தர், பிறகு மெயின் பேரிங் தேய்மானம். அதற்கும் முன்னால் வால்வ் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள். மேலே கசிவதும் பின்னால் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். என்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஈரமான கோடு எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் வேலை.