மற்ற வேலையெல்லாம் முடிகிறது, இது மட்டும் ஏன் இழுபடுகிறது?

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. வயது 27. பயிற்சியின் கடைசிக் கட்டமாக ஒரு செயல்நிலை ஆய்வு, அதாவது என் வகுப்பில் நானே ஒரு மாற்றம் செய்து பார்த்து என்ன நடந்தது என்பதை, எழுதிக் கொடுக்க வேண்டும். தகவல் எல்லாம் சேர்த்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால்தான் பிரச்சினை. லெப்டொப்பைத் திறப்பேன், முகப்புப் பக்கத்தின் எழுத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்ப்பேன், தேத்தண்ணி ஊற்றப் போவேன், அடுப்படியைக் கூட்டுவேன், அப்புறம் போன். "விடிய எழும்பி எழுதுவோம்" என்று மூடிவிடுவேன். ஏற்கெனவே தவணை நீட்டிக் கேட்டாயிற்று.

பிள்ளைகளின் கொப்பிகளை அன்றன்றே திருத்திவிடுவேன். பாடக்குறிப்பு பிந்தியதே இல்லை. எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் ஆள் நான்தான். அம்மா கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தார். "எப்ப புள்ள முடியும்?" என்று அவர் கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை. அண்ணன் சோம்பேறி என்கிறார். தங்கச்சி "நீ ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்" என்கிறாள். நான் எந்த மாதிரி ஆள்?

– ப.

அன்புத் தங்கைக்கு,

அன்றன்றே கொப்பி திருத்துகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உளவியலில் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பார்ப்பது வழக்கம். அதில் ஒன்று பொறுப்புணர்வு: ஒழுங்கு, திட்டம், சொன்ன நேரத்துக்கு முடிப்பது. பியர்ஸ் ஸ்டீல் என்ற உளவியலாளர் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தள்ளிப்போடும் பழக்கம் இந்தப் பண்பு குறைந்தவர்களிடமும், நினைத்ததும் வேறொன்றுக்குத் தாவுகிற சுபாவம் உள்ளவர்களிடமும்தான் அதிகம் என்று தெரிந்தது. எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற குணத்தோடு அவர் கண்ட தொடர்பு மிகச் சிறியது. ஆகவே தங்கச்சி சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்குப் பொறுப்புணர்வு குறைவென்றால் கொப்பியும் பாடக்குறிப்பும் சேர்ந்தே இழுபட்டிருக்கும். இழுபடுவது ஒன்றே ஒன்று: இன்னொருவர் படித்து உங்களை மதிப்பிடப்போகிற வேலை. கனடிய உளவியலாளர்கள் போல் ஹியூவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். தனக்குத் தானே உயர்ந்த அளவுகோல் வைப்பது ஒன்று. மற்றவர்கள் தன்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது இன்னொன்று. எனக்கு உங்கள் கடிதத்தில் தெரிவது இரண்டாவது. நீங்கள் எழுத உட்காரும்போது லயமே முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. தோட்டத்திலிருந்து முதலாவதாகப் படித்து வந்த பிள்ளைகள் பலரிடம் இந்தப் பாரத்தைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் வேண்டுமென்று ஏற்றிவிடுவதில்லை, பாசத்தோடேயே ஏறிவிடுகிறது.

அந்தப் பாரம் நெஞ்சை அழுத்துகிற நேரத்தில்தான் அடுப்படி கூட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. கூட்டினால் கொஞ்ச நேரம் நிம்மதி. தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவதைவிட, அந்த நேரத்து மனக்கஷ்டத்திலிருந்து தப்பிக்க வருவதுதான் என்று ஃபியூஷா சிரோவா, திமொதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதினார்கள். அதனால் புதிய நேர அட்டவணை உங்களுக்கு அவ்வளவாக உதவாது.

லெப்டொப்பை இப்போதைக்கு விடுங்கள். சாயந்தரம் கடைசிக் கொப்பியைத் திருத்தி வைத்ததும், அதே மேசையில், அதே பேனையால், ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள். முன்னுரை வேண்டாம். வகுப்பில் என்ன செய்தீர்கள், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது, அப்புறம் என்ன மாறியது என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்வதுபோல ஒரு பந்தி போதும். "இது முடிந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்பே முடிச்சுப் போட்டு வைத்தால் தொடங்குவது லேசாகும். நான்கைந்து பந்தி சேர்ந்ததும், திருத்தாமலே உங்கள் மேற்பார்வை விரிவுரையாளரிடம் காட்டுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் குறையோடு காட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மனம் நேரில் பார்க்க வேண்டும்.

போன நாட்களுக்காக உங்களைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த பரீட்சைக்கு அந்த அளவு தள்ளிப்போடவில்லை.

தூக்கம் கெட்டாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ 1926க்கு அழையுங்கள். அது இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவை.

அம்மா அடுத்த முறை கேட்டால் மௌனமாக இருக்காதீர்கள். "எழுதப் பயமா இருக்கும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் கேட்டதில்லை.

அன்புடன்,
அக்கா