இல்லாத மைக்கைப் பிடுங்கிப் பார்ப்பது

வணக்கம். குரல் பதிவு செய்யும் செயலி ஒன்றுக்குச் சோதனைகள் எழுதுகிறேன். என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. சோதனைகள் தானாக ஓடும் லினக்ஸ் சர்வரில் சவுண்ட் கார்டே கிடையாது, அதனால் அங்கே எல்லாம் தோற்கின்றன. கட்டளை வரியிலேயே பொய் மைக் உருவாக்கலாம் என்கிறார்கள். அதை நம்பலாமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்பலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

எஸ்என்டி-அலூப் என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியில் ஏற்றும் துணை நிரல்) முழு சவுண்ட் கார்டாகவே நடிக்கும். ஆனால் அதை ஏற்ற ரூட் உரிமை, அதாவது நிர்வாகியின் முழு அதிகாரம், வேண்டும். சர்வருக்குள் தனியாக அடைத்து ஓட்டும் சூழலான கன்டெய்னருக்குள் அது பெரும்பாலும் நடக்காது. உங்களுக்கு, லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோவின் பேக்டிஎல் என்ற கட்டளை போதும். அதற்குப் பதில் பைப்வயர் என்ற புதிய ஒலி சர்வர் இருந்தாலும் அதே கட்டளைதான். லோட்-மாட்யூல் போட்டு மாட்யூல்-நல்-சிங்க்கை ஏற்றுங்கள். ஒலியை விழுங்கிவிடும் ஸ்பீக்கர் ஒன்று வரும், கூடவே அதில் ஓடும் ஒலியைத் திருப்பித் தரும் மானிட்டர் என்ற உள்ளீடும் வரும். ஸ்பீக்கரில் ஒரு வேவ் கோப்பை ஓடவிட்டு, செயலியை மானிட்டரிலிருந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். சில செயலிகள் மானிட்டரை மைக் பட்டியலில் காட்டாது. அப்போது மாட்யூல்-ரீமேப்-சோர்ஸ் வழியாக அதற்கு மைக் வேடம் போடலாம். பதிவானதை பைட் பைட்டாக ஒப்பிடாதீர்கள், தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்ந்திருக்கும். 440 ஹெர்ட்ஸ் ஒலி அனுப்பினால் அதே அதிர்வெண் வந்ததா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது சாதாரண வேலை. பொய் சாதனத்தின் உண்மையான பயன், அது நினைத்த நொடியில் காணாமல் போகும் என்பது. லோட்-மாட்யூல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பதிவு ஓடும்போதே அந்த எண்ணோடு அன்லோட்-மாட்யூல் கொடுத்தால், யாரோ ஹெட்செட்டைப் பிடுங்கியது போலத்தான். செயலிகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். கையால் சோதிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. வேறு மைக் இருந்தால் ஒலி சர்வர் சத்தமில்லாமல் பதிவை அதற்கு மாற்றிவிடக்கூடும், செயலிக்குப் பிழையே தெரியாது. அதனால் இன்னொரு பொய் மைக்கோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என்று இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம், நம்பக்கூடாத இடம். நல்-சிங்க் கணினியின் கடிகாரத்தில் ஓடுகிறது. நிஜத்தில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்கலாம். இரண்டுமே 48,000 ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டாலும் நேரம் போகப் போக விலகும். எதிரொலியும், அழைப்பின்போது புளூடூத் ஹெட்செட்டின் தரம் இறங்குவதும் இதில் வரவே வராது. அவற்றுக்கு ஒன்றிரண்டு நிஜ ஹெட்செட்டுகளை வைத்துக்கொண்டு, வெளியீட்டுக்கு முன் நீண்ட பதிவு ஒன்றை எடுத்துப் பாருங்கள்.