சுவரில் எழுதுவதா, சுவற்றில் எழுதுவதா?

கேள்வி: 'சுவற்றில்' என்று எழுதினேன். 'சுவரில்' என்று ஒருவர் திருத்தினார். யார் சரி?

பதில்: திருத்தியவரே. கிணறு, வயிறு, சோறு என்று 'று'வில் முடிபவைதான் கிணற்றில், வயிற்றில், சோற்றில் என்று ஆகும். சுவரின் ஈற்றில் இருப்பது 'ர்'. ஊரில், மலரில் என்பதைப் போலச் சுவரில்.

கேள்வி: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? பண்டிகைதோறும் இதே சண்டை, ஐயா.

பதில்: நான் வாழ்த்துகள் என்றே எழுதுகிறேன். வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின், அதாவது வாழ்த்து, பத்து போல வல்லின மெய்யை அடுத்து ஈற்றில் குறுகி ஒலிக்கும் உகரத்தின்பின், வல்லினம் மிகும் என்பார்கள். அது பத்துப்பாட்டு, எட்டுத்தொகை போலச் சொல்லோடு சொல் சேரும் இடத்துக்கு உரியது. 'கள்' வெறும் விகுதி. பூக்கள், பசுக்களில் 'க்' வருகிறதே என்றால், அங்கே இருப்பது குற்றியலுகரம் அல்ல. ஆனாலும் 'வாழ்த்துக்கள்' நெடுங்காலமாக அச்சில் இருக்கிறது. "கள்ளையா வாழ்த்துகிறாய்?" என்று மடக்குவது இலக்கணம் ஆகாது. குழந்தை பிறந்த செய்திக்கு வாழ்த்த வந்தவரை அப்படி மடக்கியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கேள்வி: 'ஓர் வீடு' என்பதுதானே நல்ல நடை?

பதில்: இல்லை. உயிரெழுத்தின் முன்தான் ஓர்: ஓர் ஊர், ஓர் இரவு. வீட்டுக்கு 'ஒரு' போதும்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தவள். "அம்மாவுடன் கதைத்தேன்" என்று எழுதினால், 'பேசினேன்' என்பதே சரி என்கிறார்கள்.

பதில்: மாற்றவே வேண்டாம், அம்மா. ஈழத்தில் கதைத்தல் என்றால் பேசுதல். பேச்சிலும் எழுத்திலும் வேரூன்றிய சொல். உங்கள் ஊரில் 'அம்மா பேசினார்' என்றால் திட்டினார் என்றும் ஆகுமே! திருத்தியவர் அதை அறிந்திருக்க மாட்டார். தமிழ்நாட்டில் 'புரியவில்லை' என்பதை நீங்கள் 'விளங்கவில்லை' என்பீர்கள். தமக்குப் பழகாத சொல்லைப் பிழை என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: 'முயற்சிக்கிறேன்' தவறா?

பதில்: வினை 'முயல்'. 'பயில்' பயிற்சியைத் தந்தது. பயிற்சிக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லையே. முயல்கிறேன் என்று எழுதுங்கள். மற்றது பத்திரிகைகளில் பரவிவிட்டது. அதற்காக நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: தெருவில் குடிநீர் வரவில்லை என்று ஒருவர் எழுதினார். ஒற்றுப்பிழைகளைச் சுட்டினேன், கோபித்துக்கொண்டார்.

பதில்: கோபம் நியாயமானது. அவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர். ஒற்று முக்கியம்தான்: 'தந்த பலகை' கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. பொருள் இப்படி மாறினால் உடனே கேளுங்கள். மற்றவற்றைத் தனியாக எழுதி அனுப்புங்கள், விதியையும் சேர்த்து.