பழைய சோறும் பழுதான சோறும்

கேள்வி: திருகோணமலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாப்பாட்டுக் கடைகளுக்குள் புகுந்து பழைய சோற்றையும் கறியையும் அள்ளிக் கொட்டுவதை முகநூலில் வீடியோவாகப் போடுகிறார்கள். கடைகளை இப்படி அவமானப்படுத்துவது சரியா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் பழைய சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இரவு மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியத் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் வயலுக்கும் கடலுக்கும் போனார்கள். முதல் நாள் மீன்குழம்பு சட்டியில் வற்றிக் கிடந்தால் அன்று வீட்டில் சண்டையே வரும். சட்டியை வழிப்பது யார் என்று! தண்ணீரில் கிடந்த சோறு இரவோடிரவாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் பல கிருமிகளால் பெருக முடியாது. பழஞ்சோற்றுக்கு நான் எங்கும் சாட்சி சொல்வேன்.

கடை அண்டாவில் கிடக்கும் சோறு வேறு. மத்தியானம் வடித்ததை இரவு பிரைட் ரைஸுக்கு என்று அப்படியே மூடி வைக்கிறார்கள். அரிசியோடு வரும் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்கு வசதி. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் குசினி எந்தச் சூட்டில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வித்து முளைத்துப் பெருகிக் கக்கும் நஞ்சு, தாச்சியில் எவ்வளவு வறுத்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தி. நல்ல ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை மீனும் அப்படித்தான்: அதில் சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளைக் காய்ச்சி அகற்ற முடியாது, முகம் சிவந்து தலை இடிக்கும்.

இதே பக்கத்தில் பல தடவை எழுதியதைத் திரும்பவும் எழுதுகிறேன், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். குசினிக்குள் கை கழுவ ஒரு தொட்டியும் சவர்க்காரமும் இல்லாத கடைக்கு வாசலில் கண்ணாடிக் கதவு எதற்கு? சாப்பிட வருபவருக்குக் கை கழுவ இடம் இருக்கிறது, ரொட்டி தட்டுகிற பொடியனுக்கு இல்லை. அவனுக்கு வயிற்றோட்டம் என்றால் வீட்டில் நிற்கவும் முடியாது, நின்றால் அன்றைய சம்பளம் போய்விடும். நியூயோர்க்கில் மேரி மலன் என்ற சமையல்காரி தனக்கு ஒரு வருத்தமும் தெரியாமலே தைபோயிட் கிருமியைச் சுமந்தார். 1907இல் பிடித்து அடைத்தார்கள். 1910இல் இனிச் சமைக்க மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தவர், சலவை வேலையில் வயிறு கழுவ முடியாமல் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பவும் சமைக்கப் போனார். 1915இல் பிடிபட்டவரை 1938இல் சாகும்வரை விடவில்லை. போதிய வருமானத்துக்கு வழி செய்து கொடுக்காமல் சமைக்காதே என்று மட்டும் சொன்னதன் பலன் அது. வருத்தமான நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கிற முதலாளிதான் என் கணக்கில் சுத்தமான கடைக்காரர்.

சரி, உங்கள் வீடியோ. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பரிசோதகர் உணவு மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்தபின் கடையின் பெயரையும் தண்டப்பணத்தையும் பெரிதாகப் போடுங்கள், நானும் இங்கே போடுகிறேன். ஆனால் அந்த வீடியோக்களில் முதலாளியைக் காணோம். சாரத்தோடு தலைகுனிந்து நிற்கிற மலைநாட்டுப் பொடியனின் முகம்தான் ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை அழிக்கச் சொல்லுங்கள்.