இங்க்ஸ்கேப்பில் இலைக்குள் நிறம் சரியாக நிரம்பவில்லையா?

வணக்கம். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் இலையின் இரண்டு ஓரங்களையும் தனித்தனிக் கோடுகளாக வரைந்துவிட்டு நிறம் கொடுத்தால், நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறத்தில் கோளாறு இல்லை, பாதைதான் (நீங்கள் வரைந்த கோடுதான்) மூடவில்லை. திறந்த பாதைக்கு நிறம் கொடுத்தால் இங்க்ஸ்கேப் அதன் இரு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்ததாக வைத்துக்கொண்டு உள்ளே நிரப்பும். உங்களிடம் இருப்பது இரண்டு திறந்த பாதைகள், அதனால் இரண்டு துண்டு நிறம்.

இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+கே அழுத்துங்கள், ஒரே பாதையாகும். ஆனால் முனைகள் இன்னும் ஒட்டியிருக்காது. அப்புறம் 'என்' அழுத்தி முனைக் கருவிக்குப் போய், இலை நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரு முனைகளையும் சுற்றி மவுஸால் கட்டம் இழுத்து, ஷிஃப்ட்+ஜே அழுத்துங்கள், இரண்டும் ஒரே முனையாகச் சேரும். காம்புப் பக்கமும் அப்படியே. கட்டம் இழுப்பதுதான் முக்கியம்; கிளிக் செய்தால் மேலே இருக்கும் முனை மட்டும் சிக்கும்.

நிறம் ஊற்றி நிரப்பும் வாளிக் கருவி வேண்டாம். அது திரையில் தெரிவதைப் பார்த்துப் புதிதாக ஒரு வடிவத்தை வரைகிறது. ஓரத்தைப் பிறகு திருத்தினால் அந்த நிறம் கூடவே நகராது.

மூடியபின் கீழே உள்ள வண்ணப் பட்டையில் பச்சையைக் கிளிக் செய்யுங்கள். ஷிஃப்டோடு கிளிக் செய்தால் ஓரக்கோட்டின் நிறம் மாறும். நுனி சரியாகச் சேரவில்லை என்றால் அந்த இடத்தைப் பெரிதாக்கி ஒரு படம் போடுங்கள், பார்க்கிறேன்.