பேறுகால நிதி: பணம் எங்கே போனது?

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டப் பணம் இன்னும் வரவில்லை. ஒருவர் போன் செய்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உடனே ஏறும் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. க்யூஆர் ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை (PIN) போட்டால் பணம் போகுமே தவிர வராது. ஏற்கெனவே செய்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், தவணையாக வரும். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வங்கியில்தான். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும். மறந்துபோன பழைய கணக்கில் விழுந்திருக்கலாம். பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். கணவர் கணக்கைக் கொடுத்திருந்தால் மருமகள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்), ஆதார், பாஸ்புக்குடன் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், செவிலியரிடம் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இலவசம். யார் கமிஷன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது கர்ப்பிணியின் சாப்பாட்டுக் காசு.