பாட்டு ரெடி, அடுத்து என்ன? குமரி மாவட்ட இசைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

யூடியூப், ஸ்பாட்டிஃபை, இன்ஸ்டாகிராம் பற்றி நம் மாவட்டத்துப் பாடகர்களும் குழுக்களும் அனுப்பிய கேள்விகளில், மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சொந்தமாக எழுதி இசையமைத்து ஒரு பாட்டை முடித்துவிட்டேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவனில் வர யாரைப் பிடிக்க வேண்டும்?
(வாசகர், தக்கலை)

யாரையும் பிடிக்க வேண்டாம். யூடியூபில் போடுவதுபோல அங்கே நேரடியாக ஏற்ற முடியாது, நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும், அவ்வளவுதான். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி எல்லாம் அந்த வேலையைச் செய்பவை. டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா. சந்தாவை நிறுத்தினால் பாட்டு தளங்களிலிருந்து எடுக்கப்படலாம். சிடி பேபியில் ஒருமுறை கட்டினால் போதும், ஆனால் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். எதில் சேர்ந்தாலும் பாட்டின் உரிமை உங்களிடமே இருக்கிறதா என்று நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மிக்சிங் முடிந்த மறுநாளே வெளியிட வேண்டும் என்று பறக்காதீர்கள். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ கணக்கு வழியாக, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே ஸ்பாட்டிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பற்றி எழுதி அனுப்பலாம். அப்படி அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்னும் புதுப் பாட்டுப் பட்டியலில் பாட்டு வரும். வெளியான பிறகு அனுப்ப வழியே இல்லை. மூன்று, நான்கு வாரம் கையில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இன்னொன்று. பாடலாசிரியர், கீபோர்டு வாசித்தவர், கோரஸ் பாடிய தங்கச்சிமார் எல்லார் பெயரையும் ஏற்றும்போதே சேர்த்துவிடுங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நாங்கள் வில்லிசைக் குழு. கோயில் கொடை விழா ஒவ்வொன்றிலும் யாராவது எங்கள் நிகழ்ச்சியைப் படம்பிடித்து அவர்கள் சேனலில் போடுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள், எங்கள் பெயர்கூட இருப்பதில்லை. என்ன செய்வது?
(வாசகர், சுசீந்திரம் பக்கம்)

இது உங்கள் ஒரு குழுவின் குறை இல்லை, தெற்கே வில்லடிக்கும் குழுக்கள் பலவற்றுக்கும் இருக்கிற வருத்தம். சட்டம் உங்கள் பக்கம்தான். நிகழ்த்துகிறவரின் சம்மதம் இல்லாமல் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பொதுவில் பரப்பக் கூடாது என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். நிகழ்த்தியவர் என்று உங்கள் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமையை 2012-ம் ஆண்டுத் திருத்தம் கொடுத்திருக்கிறது. சுடலைமாடன் கதையும் முத்தாரம்மன் கதையும் தலைமுறை தலைமுறையாக வருபவை, அவை யாருக்கும் தனிச்சொத்து அல்ல. ஆனால் அன்றைக்கு நீங்கள் பாடிய பாட்டு உங்களுடையது.

ஆனாலும் முதல் அடியிலேயே புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த வீடியோவைப் போட்ட தம்பி பெரும்பாலும் அதே ஊர்க்காரராக, உங்கள் ரசிகராக இருப்பார். கூப்பிட்டுப் பேசுங்கள். தலைப்பில் குழுவின் பெயரையும், கீழே உங்கள் சேனல் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பலரும் மறுக்க மாட்டார்கள். மறுத்துவிட்டு விளம்பரக் காசையும் எடுத்துக்கொண்டிருந்தால், யூடியூபிலேயே பதிப்புரிமை நீக்கக் கோரிக்கைப் படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்புங்கள்.

அதைவிட முக்கியம், நீங்களே சேனல் தொடங்குவது. மைக் செட்காரரிடம் சொல்லி மிக்சரிலிருந்து ஒரு ஒயரை எடுத்துத் தனியாக ஒலியைப் பதியுங்கள். கூட்டத்தின் நடுவில் போனை நீட்டி எடுத்தால் குடத்தின் அடியும் உடுக்கையும் ஸ்பீக்கர் இரைச்சலில் கரைந்துவிடும். மேடையிலிருந்து நேராக எடுத்தால் வில்மணிச் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். விடிய விடிய நடந்த கதையை அப்படியே ஒரே வீடியோவாகப் போடுகிறீர்களா? கீழே விளக்கத்தில் 0:00 என்று தொடங்கி, பிறப்பு, வரம் கேட்டல், வேட்டை என்று ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் குறித்துவிடுங்கள். வீடியோ அத்தியாயங்களாகப் பிரியும், வேண்டிய இடத்தைத் தொட்டுக் கேட்பார்கள். தலைப்பில் கதையின் பெயர், கோயில், ஊர், ஆண்டு, கதை பாடும் புலவர் பெயர் ஐந்தும் வரட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் தன் ஊர்க் கோயில் பெயரைத் தட்டித்தான் தேடுவான்.

பழைய கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்றைப் பாடிப் போட்டேன். காப்பிரைட் என்று வந்துவிட்டது. சேனல் போய்விடுமா?
(வாசகி, குளச்சல்)

பயப்பட வேண்டாம், வந்திருப்பது ‘கிளெய்ம்’ஆ ‘ஸ்ட்ரைக்’கா என்று முதலில் பாருங்கள். கிளெய்ம் என்றால் பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பர வருமானம் மட்டும் உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக்தான் ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலையே மூடலாம்.

எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த பாட்டு பொதுச்சொத்து. வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யார் வேண்டுமானாலும் பாடலாம். பிறகு ஏன் கிளெய்ம்? நீங்கள் பின்னால் ஓடவிட்ட கரோக்கி டிராக் வேறு யாரோ பதிவுசெய்ததாக இருக்கும். பாட்டு பழசானாலும் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்கன் வாசிப்பவரை வைத்துப் புதிதாக ஒரு டிராக் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கிளெய்ம் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க யூடியூபிலேயே வசதி இருக்கிறது, தைரியமாகச் செய்யலாம்.

மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு லட்சம் வியூஸ் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

வேண்டவே வேண்டாம். அந்த லட்சத்தில் உங்கள் பாட்டைக் கேட்ட காது ஒன்றுகூட இருக்காது. போலி எண்ணிக்கையைக் கண்டுபிடித்தால் யூடியூப் அழித்துவிடும். ஸ்பாட்டிஃபை அதைக் கணக்கில் எடுக்காது, மோசமான போலி என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதமும் போடும், அது உங்கள் தலையில் விடியும். அந்தப் பணத்துக்கு நல்ல மைக் ஒன்று வாங்குங்கள்.

நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ராப் எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, சென்னைத் தமிழுக்கு மாற்று என்கிறார்கள் நண்பர்கள்.
(கல்லூரி மாணவர், குலசேகரம்)

மாற்றாதீர்கள் தம்பி. சென்னைத் தமிழில் ராப் பாட ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலம் பால் வெட்டப் போகிறவரைப் பற்றி உங்கள் வாயால் பாட நீங்கள்தான் இருக்கிறீர்கள். புரியவில்லை என்பதற்கு வழி உண்டு: வீடியோவில் வரிகளை ஓடவிடுங்கள், மியூசிக்ஸ்மேட்ச் தளத்தில் பாடல் வரிகளை ஏற்றினால் ஸ்பாட்டிஃபையிலும் வரி தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக இன்ஸ்டாகிராமின் பாடல் தொகுப்புக்கும் பாட்டை அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் தங்கள் ரீல்ஸில் உங்கள் பாட்டை வைக்க முடியும். முட்டம் கடற்கரையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் எடுத்துப் போடும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குப் பொருந்துகிற ஒரு பதினைந்து விநாடி உங்கள் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அந்தத் துண்டிலிருந்தே முதல் ரீலைத் தொடங்குங்கள்.

யூடியூபில் எப்போது பணம் வரும்?
(வாசகர், மார்த்தாண்டம்)

விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. ஸ்பாட்டிஃபையிலோ ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ராயல்டி கணக்கில் சேரும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் (Indian Performing Right Society) அமைப்பில் உறுப்பினராகிவிட வேண்டும். உங்கள் பாட்டு பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பயன்படும்போது வரவேண்டிய தொகை அதன் வழியாகத்தான் வரும்.

இவை கைக்கு வர நாளாகும். அதற்குள் வேறு வழியில் வருவது மேடை வருமானம். கல்யாண வரவேற்புக்கும் திருவிழாக் கச்சேரிக்கும் ஆள் தேடுகிறவர் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, கீழே எண் இல்லாததால் அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிடுவார். எல்லா வீடியோ விளக்கத்திலும் முதல் வரியிலேயே நிகழ்ச்சி பதிவுக்கான எண்ணைப் போடுங்கள். அது வீட்டு எண்ணாக இல்லாமல் குழுவுக்கென்று வாங்கிய தனி சிம்மாக இருக்கட்டும்.